ஏத்திய மொழி கண்ட பேராசிரியர் ஹ்ரோஸ்னி

மக்கள் தம் உள்ளக் கருத்தை ஒருவர்க்கொருவர் புலப்படுத்துதற்குக் கருவியாவது மொழி. அம்மொழிகளுட் சில இன்றும் நாவில் வழங்குகின்றன. சில பேச்சு வழக்கொழிந்தும் நூல் வாயிலாக உயிர் வாழ்கின்றன. வேறு சிலவோ பேசுவாரும் எழுதுவாருமின்றி மண்ணுக்குள் மறைந்து, தம் பெயரும் உலகத்தார் நினைவினின்று நீங்கப்பெற்றன. அங்ஙனம் மறைந்த மொழியொன்றின் ஏட்டை ஒருவன் கையிற் கொடுத்து, இதற்குப் பொருள் யாது என வினவின் அவன் என் செய்வான்? அகராதி இல்லை, இலக்கணம் இல்லை, கற்பிக்கும் ஆசிரியரும் இல்லை. இத்தகைய நிலையில், மூவாயிரம் ஆண்டுகளாக வாய்மூடிக் கிடந்த ஒரு மொழியை மீண்டும் பேசச் செய்த பேரறிஞர் ஒருவர் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். பெட்ரிக் ஹ்ரோஸ்னி என்பது அவர் பெயர். அவர் பெற்ற வெற்றியேயன்றி அவர் பிற்காலத்து எய்திய தோல்வியும் மொழி பயிலும் மாணவராகிய நமக்கு நல்லாசிரியனாய் நிற்றலின், இரண்டினையும் ஒளியாது கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

கி. பி. 1879-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், பொஹீமிய நாட்டில் எல்பே ஆற்றையடுத்த லீஸா என்னும் சிற்றூரில் ஹ்ரோஸ்னி பிறந்தார். அக்காலத்தில் பொஹீமியா ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் தாய்மொழி செக் மொழி. தந்தையார் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஒரு போதகர். வேதாகமத்தைக் குடும்பமாய்க் கூடியிருந்து ஓதும் இல்லத்தில் வளரும் சிறுவனுக்குக் கானான், எகிப்து, அசீரியா, பாபிலோன் என்னும் பெயர்கள் தன் ஊர்ப்பெயர் போலவே பழகிப்போதல் இயல்பு. ஹ்ரோஸ்னியும் உயர்நிலைப் பள்ளியிற் படிக்கும்போதே எபிரெய மொழியையும் அரபு மொழியையும் விரும்பிக் கற்கத் தொடங்கினார்.

பின்னர் அவர் வியன்னாப் பல்கலைக்கழகம் புகுந்து முதற்கண் இறையியல் பயின்றார். ஆயினும் கீழ்த்திசை மொழிகளின்மேற் சென்ற வேட்கை அவரை விட்டபாடில்லை. அக்காடியம், சுமேரியம், அரமேயம், எத்தியோப்பியம், வடமொழி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்று, 1901-ஆம் ஆண்டில் அறிஞர் பட்டம் பெற்றார். பெர்லின் சென்று டெலிட்ஷ் என்னும் ஆப்பெழுத்துப் புலவரிடத்தும் பாடங் கேட்டார். களிமண் பலகையின்மேல் நாணற்கோலால் அழுத்தி எழுதப்படுவதும், ஆப்பு வடிவினதாய் இருப்பதுமாகிய பாபிலோனிய எழுத்தையே ஆப்பெழுத்து என்கின்றோம். நியாயாதிபதிகளின் புத்தகத்திற் கூறப்படும் தானாக் என்னும் ஊரை அகழ்ந்தபோது கிடைத்த ஆப்பெழுத்துப் பலகைகளை 1904-ஆம் ஆண்டில் படித்து வெளியிட்டவர் இவரே. அடுத்த ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பதவியும் எய்தினார்.

அக்காலத்து அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. பண்டைப் பாபிலோனியர் விளைத்த கூலவகைகள் யாவை, அவற்றால் அவர் சமைத்த அப்பமும் பானமும் எத்தன்மையன என்பவற்றை நுணுகி ஆராய்ந்து, 1913-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கோதுமையையும் வாற்கோதுமையையும் பற்றிய அவ்வாராய்ச்சி, அதனோடு சிறிதும் தொடர்பற்றதாகத் தோன்றும் வேறொரு கதவைத் திறக்கும் திறவுகோலாகப் போகின்றது என்பதை அப்போது அவரும் அறிந்திலர்.

ஏத்தியர் யாவர்?

வேதாகமம் வாசிப்போர்க்கு ஏத்தியர் என்னும் பெயர் புதிதன்று. ஆபிரகாம் தன் மனைவியாகிய சாராளை அடக்கஞ்செய்ய மக்பேலா குகையை விலைக்கு வாங்கியது எப்பெரோன் என்னும் ஏத்தியனிடத்திலேயே. தாவீது அரசன் செய்த தீவினையால் உயிரிழந்த உரியாவும் ஏத்தியனே. இப்பெயர் கொண்டோர் கானானில் வாழ்ந்த சிறுகுடியினர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டனர். ஆனால், சின்ன ஆசியாவின் நடுப்பகுதியாகிய அனத்தோலியாவில், கி. மு. 1650 அளவில் தொடங்கி ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு நிலவிய பேரரசொன்று இப்பெயரால் வழங்கியதென்பதும், எகிப்தின் பார்வோனோடு ஒத்த நிலையில் நின்று போர் செய்ததென்பதும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவாயின. வேதாகம ஏத்தியர்க்கும் இவ்வனத்தோலியர்க்கும் உள்ள தொடர்பு பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். அஃது ஈண்டு எமக்கு வேண்டுவதன்று.

1906-ஆம் ஆண்டில் வின்க்லர் என்னும் ஜெர்மானியரும் மக்ரிதி என்னும் துருக்கி நாட்டு அரும்பொருட்சாலை அதிகாரியும், அங்காராவுக்குக் கிழக்கேயுள்ள போகாஸ்கோய் என்னும் சிற்றூரில் அகழத் தொடங்கினர். அங்கே களிமண் ஏடுகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. சில ஆண்டுகளில் முழுவதும் துண்டுமாக ஏறத்தாழ 10,000 கிடைத்தன. அவற்றுள் ஒன்று, இரண்டாம் ராம்சேஸ் என்னும் எகிப்திய அரசனுக்கும் ஏத்திய அரசனுக்கும் நிகழ்ந்த உடன்படிக்கையை அக்காடிய மொழியிற் கூறுவது. அக்காடியம் அதற்கு முன்னரே அறியப்பட்ட மொழியாதலின், வின்க்லர் அதனைப் படித்து, தாம் நிற்கும் இடம் ஏத்தியர் தலைநகராகிய ஹத்துசாவே என்று துணிந்தார். ஆயினும் ஏடுகளுட் பெரும்பகுதி அக்காடியத்தில் இல்லை. எழுத்து பாபிலோனிய எழுத்தே. ஆதலால் வாய்விட்டுப் படிக்கலாம். ஆனால் படித்தது யாது என்பது மட்டும் விளங்கவில்லை.

இம்மொழியைப் பற்றி முன்னரே ஒருவர் ஒரு கருத்து வெளியிட்டிருந்தார். எகிப்தில் அமர்னா என்னுமிடத்தில் 1887-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட அரசர் திருமுகங்களுள் இரண்டு இம்மொழியில் இருந்தன. நார்வே நாட்டினராகிய க்னுட்ஸன் என்பார், ஏனைத் திருமுகங்களில் வரும் நலம் வினவும் தொடரோடு இவற்றை ஒப்பிட்டு நோக்கி, எஸ்து என்னும் சொல் ஆகுக என்னும் பொருட்டாதல் வேண்டும் எனக் கண்டார். வடமொழியில் ததாஸ்து என்னுமிடத்து வரும் அஸ்து என்பதும் அதுவே. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதற்கு இனமான வடிவங்கள் உண்டு. ஆகவே இது வடமொழி, கிரேக்கம், இலத்தீன், ஜெர்மானியம் முதலியவற்றோடு சேர்ந்த இந்து-ஐரோப்பிய இனத்து மொழியே என்று 1902-ஆம் ஆண்டில் எழுதினார். அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை. எதிர்ப்பு மிகவே, க்னுட்ஸனும் தம் கொள்கையின் உறுதி தளர்ந்தார்.

ஒரு தொடரின் பொருள்

1913-ஆம் ஆண்டில் வின்க்லர் காலமானார். ஏடுகளைப் படியெடுத்து வெளியிடும் பணியை ஜெர்மன் கீழ்த்திசைக் கழகத்தார் ஹ்ரோஸ்னியிடத்தும், ஃபிகுல்லா என்னும் இளைஞரிடத்தும் ஒப்புவித்தனர். 1914-ஆம் ஆண்டில் இருவரும் கான்ஸ்டாண்டினோபிள் நகரத்து அரும்பொருட்சாலையை அடைந்து எழுத்தெழுத்தாகப் படியெடுக்கத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டது. ஹ்ரோஸ்னி ஆஸ்திரியப் படையில் எழுத்தராகச் சேர்க்கப்பட்டார். நல்வினைப் பயனாக அவர்க்கு மேலதிகாரியாய் வாய்த்தவர் கல்வியின் அருமையறிந்தவர். தம் கீழ்ப் பணிபுரியும் பேராசிரியர்க்கு ஆராய்ச்சிக்கு வேண்டிய ஓய்வு தந்து உதவினார். பீரங்கியொலி எங்கும் முழங்கிய காலத்தில், படைத்துறை அலுவலகத்து மேசையின் ஒருபால் இருந்து, மறைந்துபோன ஒரு மக்களின் மொழியை இவர் ஆராய்ந்து வந்தார்.

அவர் கைக்கொண்ட வழி யாது? அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஏத்தியர் தம் ஏடுகளிற் பல பொருள்களைத் தம் சொல்லை ஒலிப்படி எழுதாது, சுமேரியர் வகுத்த குறியொன்றால் எழுதுவது வழக்கம். நம் முன்னோர் நாள், மாதம், ஆண்டு என்பவற்றிற்கு ௳, ௴, ௵ எனக் குறி இட்டது போன்றது இது. அன்றியும் 5 என்னும் எண் குறியைத் தமிழன் ஐந்து என்பான், ஆங்கிலேயன் வேறொன்று சொல்வான், பொருள் ஒன்றே. அக்குறியின் பின் ஆம் என்பதை ஒட்டி 5-ஆம் என எழுதினால், எழுதியவன் மொழி இன்னதென்பதை அவ்வீறே காட்டிவிடும். சுமேரியக் குறிகளின் பொருள் ஹ்ரோஸ்னி நன்கறிந்தது. ஆதலின் இருண்ட காட்டினிடையே ஆங்காங்கு நட்ட கைகாட்டி மரங்கள்போல அக்குறிகள் அவர்க்கு உதவின.

ஒரு நாள் அவர் பார்வை ஒரு தொடரின்மேற் சென்றது. அதன் தொடக்கத்தில் அப்பத்தைக் குறிக்கும் நிந்தா என்னும் சுமேரியக் குறி இருந்தது. கூலங்களையும் அப்ப வகைகளையும் பற்றி ஒரு நூலே எழுதிய அவர்க்கு அதிற் சிறிதும் ஐயமில்லை. அக்குறியை ஒட்டி அன் என்னும் ஓர் ஈறு நின்றது. ஏனை இடங்களோடு ஒப்பிட, அது நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ போன்றது எனத் தெரிந்தது. எனவே, அப்பத்தை என்பது முடிந்தது. அப்பத்தை ஒருவர் என் செய்வார்? அடுத்து நின்ற சொல் எத்ஸத்தேனி என்பது. அப்பத்தைச் செய்யலாம், வாங்கலாம், படைக்கலாம். ஆயினும் முதற்கண் நினைவுக்கு வருவது உண்ணுதலே.

இஃதொரு கருத்து மட்டுமே, முடிவன்று. ஆகவே அவர் தொடரின் மறுபாதியை நோக்கினார். அதில் முதலில் வாத்தர் என்னும் சொல்லும், இறுதியில் எகுத்தேனி என்னும் சொல்லும் இருந்தன. முதற்பாதியும் மறுபாதியும் ஒரே யாப்பின: முதலிற் பொருட்பெயர், இறுதியில் வினை. இரு வினைகளும் தேனி என்னும் ஒரே ஈற்றால் முடிந்தன. தமிழில் உண்பீர், பருகுவீர் என்னுமிடத்து ஈர் என்பது முன்னிலைப் பன்மை காட்டுவது போல, அவ்வீறும் முன்னிலைப் பன்மை காட்டுவதென்பது பிற தொடர்களால் விளங்கிற்று. அப்பத்தை உண்பீர் என்பதற்கு இணையாய் நிற்கும் மறுபாதியில், உணவோடு சேர்த்து எண்ணப்படும் பொருளும், உண்ணுதலோடு சேர்த்து எண்ணப்படும் தொழிலும் வருதல் வேண்டுமன்றோ? அப்பொருள் நீர் என்றும், அத்தொழில் பருகுதல் என்றும் கொள்ளின், தொடர் முழுதும் தடையின்றிப் பொருள் தருகின்றது.

இங்ஙனம் இடம்நோக்கிப் பொருள் துணிந்த பின்னரே ஒலியொப்புமை சான்றாக வந்து நின்றது. வாத்தர் என்பது ஆங்கிலத்து வாட்டர் என்பதையும், எத்ஸ என்னும் அடி ஜெர்மன் மொழியில் உண்ணுதலைக் குறிக்கும் எஸ்ஸன் என்பதையும், வடமொழியில் அப்பொருட்டாகிய அத் என்னும் அடியையும் ஒத்திருந்தன. இவற்றைக் கண்ட ஹ்ரோஸ்னி, க்னுட்ஸன் கண்டது உண்மையே எனத் துணிந்தார். அவர் இதனை எதிர்பார்த்தவர் அல்லர். அக்காலத்து அறிஞர் பலர் எள்ளி விலக்கிய முடிபு இது. எனினும் ஏடு காட்டிய வழியே சென்றார்.

மறுப்பும் உடன்பாடும்

1915-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் நாள் பெர்லின் நகரிற் கூடிய அறிஞர் அவையில் ஹ்ரோஸ்னி தம் முடிபை வெளியிட்டார். அடுத்த மாதமே அது கட்டுரையாக அச்சேறியது. ஏத்திய மொழியின் அமைப்பையும் அதன் இனத்தொடர்பையும் விரித்துக் கூறும் அவருடைய பெருநூல் 1917-ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரில் வெளிவந்தது.

வினைத்திரிபுகளும் வேற்றுமை உருபுகளும் இந்து-ஐரோப்பிய முறையிலேயே அமைந்திருத்தலை அந்நூல் காட்டிற்று. ஒன்று மட்டும் கூறுவோம். நீர் என்னும் பொருட்டாகிய வாத்தர், வேற்றுமையேற்குங்கால் வெதெனஸ் என றகர இனவொலி கெட்டு னகர இனவொலி பெறுகின்றது. கிரேக்கத்தில் நீரைக் குறிக்கும் ஹுதோர் என்பதும் வேற்றுமையில் ரகர ஈறு இழக்கும். வடமொழியில் அதற்கு இனமாய சொல் உதன் என னகர ஈற்றதாயுள்ளது. ஒரு சொல்லை ஒரு நாட்டார் பிற நாட்டாரிடமிருந்து கடன் வாங்கலாம். இத்தகைய ஒழுங்கற்ற திரிபை எவரும் கடன் வாங்குவதில்லை. இஃது ஒரு குடியிற் பிறந்தார்க்குள்ள மச்சம் போன்றது.

ஆயினும் மொழிநூலார் உடனே உடன்பட்டிலர். அவர் தடைகளுள் ஒன்று நியாயமானது. ஹ்ரோஸ்னி தொடக்கத்தில் இடம்நோக்கிப் பொருள் கண்டாராயினும், விரைவின்கண் பல அருஞ்சொற்களுக்கு ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பொருள் கூறிவிட்டார். ஸொம்மர் என்னும் ஜெர்மானியர் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏத்திய மொழி இந்து-ஐரோப்பிய இனத்ததே என உடன்பட்டு, ஆனால் அச்சொற்களின் பொருளை அவை வழங்கும் எல்லா இடங்களையும் ஒருங்கு வைத்து நோக்கியே துணிதல் வேண்டும் என வற்புறுத்தினார். அவரும், ஃப்ரீட்ரிக், கோட்ஸ, ஏஹலால்ஃப் முதலியோரும் அம்முறையால் ஆய்ந்து, ஹ்ரோஸ்னி இட்ட அடிப்படையின்மேல் உறுதியான கட்டடம் எழுப்பினர். ஹ்ரோஸ்னி கூறிய சொற்பொருள்களுட் சில வீழ்ந்தன. அவர் கண்ட தலையாய உண்மை வீழவில்லை.

ஒலியொப்புமை எத்துணை அளவு நம்பத்தக்கது என்பதற்கு அம்மொழியிலேயே ஒரு சான்றுண்டு. ஏத்தியத்தில் தா என்றொரு வினையடி உண்டு. வடமொழியில் தா என்பது கொடுத்தற்பொருட்டு, இலத்தீனிலும் அஃதே. ஆகவே ஏத்தியத் தாவும் கொடுத்தலையே குறிக்கும் என எவரும் எண்ணுவர். ஆனால் அது வழங்கும் இடங்களையெல்லாம் நோக்கின், எடுத்துக்கொள்ளுதல் என்பதே அதன் பொருளென்று ஐயமின்றித் தெரிகின்றது. கொடுத்தலைக் குறிக்கும் ஏத்தியச் சொல் பை என்பது. தா என்பது வடமொழித் தாவோடு ஒரே வேரினின்று பிறந்தது என்றே அறிஞர் பலரும் கருதுவர். எனினும் பொருள் எதிர்த்திசையிற் சென்றுவிட்டது. உறவு உண்மையாயினும் அவ்வுறவு பொருளைச் சொல்லாது. இனி நம் தமிழிலும் தா என்பது கொடுத்தற்பொருட்டே. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. எனினும் தமிழ் வடமொழிக்கு இனமன்று என்பதைக் கால்டுவெல் ஐயர் 1856-ஆம் ஆண்டிலேயே தம் ஒப்பிலக்கணத்தில் நிலைநாட்டினார். ஒலியும் பொருளும் ஒத்தும் உறவில்லாதன உண்டு. உறவிருந்தும் பொருள் ஒவ்வாதன உண்டு.

இது தமிழ் பயில்வோர்க்குப் புதிய பாடமன்று. உரியியலில் தொல்காப்பியர், அரிய சொல்லொன்றன் பொருளை அதன் முன்னும் பின்னும் நிற்கும் மொழிகளை ஆராய்ந்து கொள்ளுமாறு நமக்குப் பணிக்கின்றார். ஓர் அருஞ்சொல் ஒரு நூலில் ஒரே இடத்தில் வருமாயின், நல்ல உரையாசிரியர் அவ்விடத்தின் இயைபையே முதற்கண் நோக்குவர். அனத்தோலிய ஏட்டைப் படிப்பார்க்கும் நெறி இதுவே. ஓரிரண்டு இடங்களிலே மட்டும் வரும் ஏத்தியச் சொற்கள் பலவற்றிற்கு இன்றும் பொருள் ஐயத்துக்கிடமாகவே உள்ளது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏத்திய அகராதியைப் பகுதி பகுதியாகவே வெளியிடுவதாயிற்று. ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் திரட்டி, அவ்விடங்களைக் காட்டிப் பொருள் கூறுதல் அத்துணை நெடும்பணியாகும்.

ஹ்ரோஸ்னியின் கண்டுபிடிப்பால் விளைந்த பயன் ஒன்றையும் கூறல் வேண்டும். அவர் பிறந்த ஆண்டாகிய 1879-ஐத் தன்மேற் பொறித்து வெளிவந்த நூலொன்றில், ஸொசூர் என்னும் இளைஞர், இந்து-ஐரோப்பிய மூலமொழியில் வழங்கிப் பின் எல்லா மொழிகளிலும் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருத்தல் வேண்டுமெனக் கணக்கிட்டுக் கூறினார். எம்மொழியிலும் அவற்றைக் கேட்டார் இலர். 1927-ஆம் ஆண்டில் குரிலோவிச் என்னும் போலந்து அறிஞர், ஸொசூர் குறித்த இடங்களில் ஏத்திய ஏடு ஹகரம் போன்றதோர் ஒலியை எழுதிக்காட்டுதலைக் கண்டார். முன் என்னும் பொருட்டாய் இலத்தீனில் அந்தெ என வழங்கும் சொல்லுக்கு இனமாகிய ஏத்தியச் சொல் ஹந்த் என்பது அதற்கொரு சான்று. கணக்காற் கண்ட விண்மீனைப் பின்னர்க் கண்ணாற் கண்டது போன்றது இச்செய்தி.

பிற்காலப் பணிகள்

போர் முடிந்து செக்கோஸ்லோவேகியா தனிநாடாயிற்று. 1919-ஆம் ஆண்டில் ஹ்ரோஸ்னி பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பெழுத்தாராய்ச்சிக்கும் பண்டைக் கீழ்த்திசை வரலாற்றுக்கும் பேராசிரியரானார். 1922-ஆம் ஆண்டில் ஏத்தியர்தம் சட்ட நூலை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

1925-ஆம் ஆண்டில் அவர் துருக்கி நாட்டிற் குல்தேபே என்னும் மேட்டை அகழச் சென்றார். அவ்வூரார் பல ஆண்டுகளாக ஆப்பெழுத்துப் பலகைகளை வணிகர்க்கு விற்று வந்தனர். அவை எங்கே கிடைக்கின்றன என்பதை மட்டும் வெளியார்க்குச் சொல்வதில்லை. முன்னர் வந்தவர்கள் மேட்டையே தோண்டி வெறுங்கையராய்த் திரும்பினர். ஹ்ரோஸ்னியோ உள்ளூர் வண்டியோட்டி ஒருவர் வாயிலாக மறைவை அறிந்து, மேட்டை விட்டு அதனருகேயுள்ள நிலத்தை அகழ்ந்தார் என்பர். ஏறத்தாழ ஆயிரம் பலகைகள் வெளிப்பட்டன. அவை அசீரிய வணிகர் அங்கே குடியேறி நடத்திய வாணிகத்தின் கடிதங்களும் கணக்குகளுமாம். அவ்வூரின் பழம்பெயர் கானேஷ். நேசா என்பதும் அதுவே. ஏத்தியர் தம் மொழியை நேசாவின் மொழி என்னும் பொருள்படவே அழைத்தனர். தாம் கண்ட மொழிக்குப் பெயர் தந்த ஊரையே அவர் அகழ்ந்தார் என்பது வியக்கத்தக்கதன்றோ?

மாணவர்க்குத் துணை நின்றமை

1939-ஆம் ஆண்டில் ஹ்ரோஸ்னி சார்லஸ் பல்கலைக்கழகத்துத் தலைவராயினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே ஹிட்லரின் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியிருந்தன. அக்டோபர் மாதம் 28-ஆம் நாள் நிகழ்ந்த கிளர்ச்சியில் சுடப்பட்டு, ஓபிளெட்டல் என்னும் மருத்துவ மாணவர் சில நாட்களில் உயிர்துறந்தார். அக்காலத்தில், மாணவரைத் துரத்திக்கொண்டு கல்லூரி வாயிலை அடைந்த ஜெர்மானியப் படைத்தலைவன் முன் முதுபேராசிரியர் சென்று நின்று, பல்கலைக்கழக நிலத்துள் நுழைய அவனுக்கு உரிமையில்லை என ஜெர்மன் மொழியில் உறுதியாகக் கூறித் தடுத்தார் என்றும், மாணவர் தப்பினர் என்றும் கூறுவர். ஆயினும் அத்துணையால் வரவிருந்த தீங்கு நீங்கவில்லை. நவம்பர் மாதம் 17-ஆம் நாள் மாணவர் தலைவர் முதலிய ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். ஆயிரத்திருநூற்றுக்கு மேற்பட்ட மாணவர் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செக் நாட்டு உயர்கல்விச் சாலைகள் யாவும் மூடப்பட்டன. அந்நாளே உலக மாணவர் நாளாக நினைவுகூரப்படுகின்றது. கற்பிக்கும் மாணவரும் நுழைதற்கு வாயிலும் இழந்த பல்கலைக்கழகத் தலைவராய் ஹ்ரோஸ்னி வீட்டில் அமர்ந்தார்.

இறுதி ஆராய்ச்சிகள்

அவ்விருண்ட ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிகளே அவர் தோல்விக்குக் களமாயின. 1924-ஆம் ஆண்டில் உலகறிய வெளிவந்த சிந்துவெளி நாகரிகத்தின் முத்திரை எழுத்துக்களையும், கிரேத்தா தீவின் பழைய எழுத்துக்களையும் படித்துவிட்டதாக அவர் அறிவித்தார். இரண்டிலும் இந்து-ஐரோப்பியச் சொற்களையே கண்டார். ஆயின் அவர் படிப்பை ஏற்பார் இலர். ஏன்? ஏத்திய ஏட்டில் எழுத்தின் ஒலி தெரியும், சுமேரியக் குறிகளின் பொருள் தெரியும், தொடர்கள் நீளமானவை, ஏடுகளோ ஆயிரக்கணக்கின. சிந்துவெளி முத்திரைகளில் ஒலியும் தெரியாது, பொருளும் தெரியாது, எழுத்துக்களோ ஒரு முத்திரைக்குப் பெரும்பாலும் ஐந்தாறே. முன்னும் பின்னும் நோக்குதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஒலியொப்புமை ஒன்றே துணையாயிற்று. அத்துணை எவர் விரும்பிய திசையிலும் அவரை அழைத்துச் செல்லும். அதே முத்திரைகளைப் பம்பாயில் ஹீராஸ் பாதிரியார் திராவிட மொழியெனப் படித்தார். அம்மொழி திராவிடமாதல் கூடும் என்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். எனினும் அவ்வெழுத்து ஐயமறப் படிக்கப்பட்டது என எல்லாரும் ஒருப்பட்ட நாள் இன்னும் வரவில்லை.

கிரேத்தா எழுத்தின் ஒரு வகையை 1952-ஆம் ஆண்டில் வெண்ட்ரிஸ் என்னும் இளைஞர் படித்தார். அவர் தொழிலாற் கட்டடக் கலைஞர். முதலில் எந்த மொழியென்றும் கருதாது, எக்குறி எக்குறியோடு மாறி வருகின்றது என்பதையே அட்டவணையிட்டு நோக்கினார். அவ்வட்டவணை தாமே எதிர்பாராத கிரேக்கத்தில் அவரைக் கொண்டு நிறுத்திற்று. ஹ்ரோஸ்னி இளமையில் அப்பத்தையும் நீரையும் கண்ட வழியும் ஏறத்தாழ இதுவே. 1944-ஆம் ஆண்டில் நோயால் தாக்குண்டு எழுதுகோல் துறந்த அவர், 1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் பிராக் நகரிற் காலமானார். அவர் வயது எழுபத்துமூன்று.

முடிவுரை

ஒருவர் வாழ்க்கையிலேயே இருவகைப் பாடங்களும் அமைதல் அரிது. இளமையில் ஹ்ரோஸ்னி, உலகம் மறுத்ததையும் ஏடு காட்டியது எனின் ஏற்றுக்கொண்டார். முதுமையில், ஏடு காட்டாததையும் தம் உள்ளம் விரும்பியது எனின் ஏற்றுக்கொண்டார். முன்னையது அவர்க்கு அழியாப் புகழ் தந்தது. பின்னையது அப்புகழைக் கெடுக்கவில்லையாயினும், பேரறிஞரும் காவலின்றிச் செல்லலாகாத வழியொன்றுண்டு என்பதை நமக்குக் காட்டிற்று. சொல்லின் ஒலி நம் செவிக்கு இனிதாயிருக்கலாம்; அதில் நம் மொழியின் பெருமையோ நம் இனத்தின் தொன்மையோ எதிரொலிப்பதாகத் தோன்றலாம். ஆயினும் அச்சொல் நிற்கும் இடத்தைக் கேளாது அதன் பொருளை நாம் துணிதல் கூடாது.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் எழுத்தன் ஈரக் களிமண்ணில் எழுதிய அப்பமும் நீரும், பிறிதொரு நாட்டிற் போதகர் மகனாய்ப் பிறந்த ஒருவர் பொறுமையால் மீண்டும் மாந்தர்க்கு விளங்கின. தமிழ் ஏடுகளிலும் இன்னும் பொருள் தெளியாத அருஞ்சொற்கள் பல உள. அவற்றை ஆராயப் புகும் நம் மாணவத் தோழர்கள் ஹ்ரோஸ்னியின் துணிவையும், ஸொம்மரின் அடக்கத்தையும் ஒருங்கே பெறுவாராக.